உடையவன் சம்மதம்

“டெய்லர், இது உன்ட மிஷின்தானே? ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லு.”

சார்ஜன்ட் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

அழகர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை முழுக்கக் கரி. எரிந்துபோன தன் தையல் கடையின் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தவரை அப்படியே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தின் நடுவே அந்தக் கால் மிஷின் நின்றது. தூறலுக்காக அதன் மேல் ஒரு பூப்போட்ட சேலை போர்த்தியிருந்தது.

சுவரோரத் தரையில் லரீபா உட்கார்ந்திருந்தாள். அழகரின் கடைக்குப் பின்வீட்டுக்காரி. புருஷன் மௌத்தான பிறகு இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள்.

காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் கடைவீதியில் அறிவித்துக்கொண்டு போனது. கலவரத்தில் எடுத்த சாமான்களைப் பொலிஸில் ஒப்படையுங்கள். உடையவர்களிடம் திருப்பிக் கொடுக்கப்படும்.

கடைவீதியில் ஒருவரும் ஒன்றையும் ஒப்படைக்கவில்லை.

லரீபா மட்டும் ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கி, மிஷினை ஏற்றி, மேட்டில் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். “டெய்லரண்ணன்ட மிஷின் இது. அவருக்கிட்ட குடுத்திருங்க” என்றாள்.

அவளை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

சார்ஜன்ட் நிதானமாக விளக்கினார். அடுத்தவன் பொருளை, உடையவன் சம்மதம் இல்லாமல் எடுத்தால் அது களவு. கடைக் கதவு உடைந்திருக்கிறது. ஆகவே கதவுடைத்துக் களவு. அது இன்னும் பெரிய கேஸ். பொருள் தன்னுடையது இல்லை என்று இவளே சொல்லிவிட்டாள். இனி டெய்லர் ஒரு ‘ஆமாம்’ சொன்னால் போதும். நாளைக்குப் பதுளைக் கோர்ட், பிறகு மறியல், கம்பிக்குள்ளேதான்.

“பிள்ளைகள் வீட்ல தனியா இருக்கு” என்றாள் லரீபா. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அழகருக்குக் காது மடல் சுட்டது.

“கதவ ஒடச்சது இவளா மாத்தையா? கோடாலியால பொளந்தாங்க. பட்டப்பகல்ல, நடுரோட்டுல. நீங்களும் முச்சந்தியிலதான் நின்னீங்க.”

“அது கலவரம். அதுல ஆள் யாருன்னு தெரியாது.”

“எனக்குத் தெரியும். போன மாசந்தான் அதுல ஒருத்தனுக்குக் கல்யாணச் சட்டை தச்சுக் குடுத்தேன். கழுத்து பதினஞ்சரை. பேரும் சொல்றேன், எழுதிக்குங்க.”

சார்ஜன்ட் பேனாவை மூடினார்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. மிஷின் உன்டதா?”

அழகர் எழுந்து போய்ச் சேலையை விலக்கினார். சக்கரத்தைக் கரி விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். எண்ணெய் போட்டுத் துடைத்த மிஷின், சத்தமே இல்லாமல் ஓடியது. மூடியின் ஓரத்தில் பிறைபோல, அவருக்குத் தெரிந்த ஒரு கீறல். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு லரீபாவைப் பார்த்தார். சொல்லுங்க என்பதுபோல அவள் மெல்லத் தலையசைத்தாள்.

ஒரு தெருவையே வாரிக்கொண்டு போனவர்கள் இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். கொண்டுவந்து கொடுத்தவள் மறியலுக்குப் போகவேண்டுமாம். மேசையைப் புரட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது அழகருக்கு.

“என்னோடதுதான்” என்றார்.

சார்ஜன்ட் பேனாவைத் திறந்தார்.

“என்னோடதுதான். ஆனா நான்தான் குடுத்தேன். கலவரத்துக்கு மொத நாளு, பத்திரமா வச்சிரு தங்கச்சின்னு என் கையால தூக்கிக் குடுத்தேன். உடையவன் சம்மதம்னு சொன்னீங்கல்ல? இந்தாங்க, சம்மதம். எழுதுங்க.”

“சத்தியமா?”

“மாரியம்மா மேல சத்தியம்.”

அழகர் வருஷா வருஷம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர். பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள் என்று நம்புகிறவர். தையல்காரனுக்குக் கண்தான் சோறு. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

சார்ஜன்ட் அவரை முறைத்தார். எழுதியதைக் குறுக்கே அடித்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, “எடுத்துட்டுப் போ” என்றார்.

தூறல் நிற்கவில்லை. அழகர் வண்டியைத் தள்ள, லரீபா சேலை பறக்காமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். வளைவு தாண்டி நிலையம் மறைந்ததும் அவர் வெடித்தார்.

“ஒனக்குப் பைத்தியமா? ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு! உள்ள தூக்கிப் போட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?”

அவள் பறந்த சேலை நுனியை மிஷினுக்கு அடியில் செருகினாள்.

“நான் குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க அண்ணே. பொலிஸ் குடுத்தா வாங்குவீங்கன்னு நெனச்சேன்.”

அழகர் வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார். எரிந்த கடை வந்தது. சாம்பலுக்கு நடுவே ஒரு மிஷினின் இரும்புச் சக்கரம் கறுத்து, வளைந்து கிடந்தது. அங்கே அவர் நிற்கவில்லை. நேரே அவள் வீட்டு வாசலில் போய்த்தான் நிறுத்தினார்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சன்னல் கட்டையில், ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த சிறுமிச் சட்டை ஒன்று, மறு கைக்குக் காத்துக் கிடந்தது.

“மிஷின் இருந்த எடத்துலயே இருக்கட்டும். நீ தச்சு முடிச்ச பொறகு, சாயந்தரத்துல வாசல்ல போட்டுக் குடு, நான் வந்து தைக்கிறேன்” என்றார் அழகர், திட்டுகிற குரலிலேயே.

சாணி மெழுகிய தரையில், சன்னலோரம், நாலு குழிகள் இருந்தன. வருஷக்கணக்காய்ப் பாரம் தாங்கி அமுங்கிய குழிகள்.

மிஷினின் நாலு காலும் அவற்றில் பிசகாமல் இறங்கின.