பருந்து வராத தேடல்

கோழி டீச்சருக்கு ஒரே கவலை. குஞ்சுகள் கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால்? மைனாவைக் கூப்பிட்டு, தன் வகுப்புக்கென்று தனியாக ஒரு தேடுபொறி அமைத்துத் தரச் சொன்னார்.

"எதெல்லாம் வரக் கூடாது, டீச்சர்?" என்று மைனா கேட்டது.

"பருந்து. அந்தப் படத்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும்."

"அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?"

"நான்தான் கூடவே இருக்கிறேனே. எடுத்துவிடு."

மைனா தயங்கித் தயங்கி, பருந்து வருகிற பக்கங்களையெல்லாம் தடுத்தது. டீச்சர் தானே தேடிப் பார்த்தார். ஒரு பருந்தும் வரவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் டீச்சர் சாக்பீஸ் எடுத்துவர ஆபீஸ் அறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஒரு நிழல் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னலோரக் குஞ்சுக்கு ஏனென்று தெரியாமல் உடம்பு நடுங்கியது. தெரியாததைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாரே. நடுக்கத்தோடு தட்டியது: "வானத்தில் வட்டமடிப்பது எது?"

ஒரே ஒரு பதில் வந்தது. பட்டம். நீளமான வாலோடு, வண்ணப் படத்தோடு.

குஞ்சுக்கு நடுக்கம் நின்றுவிட்டது. "பட்டம்தான்டா, வாங்க" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடியது.