மாலை விழுந்த படம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் மக்களே. சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் வறுமை ஒழிப்பு நாள் கூட்டம். வறுமையும் மனித உரிமை மீறல்தான் என்று மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள்.

மழை விழுந்து உப்பளத்தில் வேலை நின்றுபோன சமயம். கூப்பிட்டதும் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

வாசல் சுவரில் வரிசையாகப் படங்கள். உப்பளத்திலும் கடற்கரையிலும் வேலை செய்கிறவர்களை என்றோ எடுத்தவை. பந்தல் போட வந்தவர், யாரையும் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் சம்பங்கி மாலை போட்டு விளக்கும் ஏற்றிவிட்டார்.

இத்தனை ஏழைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், செத்தவர்கள் என்றுதானே அவருக்குத் தோன்றும்?

தன் படத்தை முதலில் கண்டது சீனித்தாய். உப்பு வாரிக் கால் வெடித்த கிழவி.

"ஏளா, எனக்குப் பதினாறு என்னைக்கு? சாப்பாட்டுக்கு நானும் வரலாமா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்களோடு வந்த சந்தனச்செல்வி சிரிக்கவில்லை. அவள் கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

அது அவள் புருஷன் மாரிச்செல்வம். நாலு வருஷத்துக்கு முன் சங்கு குளிக்கக் கடலில் இறங்கியவன், மேலே வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

வேறு எங்காவது கரையேறியிருப்பான் என்றார்கள் கூடப் போனவர்கள். உடல் இல்லாமல் செத்ததாக எழுத முடியாது என்றது போலீஸ். மாமியார் இன்றைக்கும் வந்துவிடுவான் என்கிறாள்.

அழுதால் அவனைத் தானே கொன்றதாகிவிடும் என்று, செல்வி ஒரு நாளும் அழுததில்லை.

கூட்டம் நடத்துகிற தேவபிரசாதம் பதறி ஓடி வந்தார். தப்பு நடந்துவிட்டது, மன்னிக்கணும் தாயே என்று ஒவ்வொரு மாலையாகக் கழற்றிக்கொண்டே வந்தார். கடைசி மாலைக்குக் கை நீட்டியபோது செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதிய அண்ணாச்சி. நாலு வருசமா அத்தனை பேரும் வருவாவ, வருவாவன்னுதான் சொல்லுதாவ. இனி வரமாட்டாவன்னு நீங்களாவது சொல்லுங்க."

அவர் நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

உள்ளே இருந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. வறுமையால் உயிர் விட்டவர்களுக்காக எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள் என்று மைக்கில் குரல் வந்தது.

மண்டபமே எழுந்தது.

செல்வி திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் தலை குனிந்து நிற்கிறார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாரில் அறைந்துகொண்டு, அவன் பேரைச் சொல்லி அழுதாள்.

ஒரு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. உட்காரச் சொல்ல மேடையில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து போகிறவர்கள், போன வழியே திரும்பி வந்து வாசல் மிதிக்கட்டும் மக்களே.