விரலில் நிற்காத கத்திகள்

முதல் கத்தியை வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு அங்குல அலகு. பளபளப்பு, உறை, உறைக்கு ஒரு பொத்தான், எல்லாம் இருந்தது. கனம் மட்டும் முழுக்க முனையில். கையில் எடுத்ததும் தலைகுப்புறக் கீழே போகிறது. இதைச் செய்தவன் வாழ்நாளில் ஒரு மீனைக்கூட அறுத்திருக்க மாட்டான்.

"நல்லா ஓடுற கத்தி சார் இது," என்றார் கடைக்காரர்.

ஓடும். வாங்கியவன் கையை விட்டு ஓடும்.

கடைவாசலில் என் மச்சினன் செல்போனும் கையுமாக நின்றிருந்தான். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கத்தியில் அலகு எது, பிடி எது என்று கேட்டால் போனில் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்வான். என் மனைவி அவனைத் துணைக்கு அனுப்பியிருந்தாள்.

கத்தி வாங்க எனக்குத் துணை! இருபத்தாறு வருடமாக நான் வேலை பார்க்கிற ஹோட்டலில் மீன் அறுக்கிற மேஜை என்னுடையது.

போன வாரம் திடீரென்று என் பழைய கத்தி காலை வாரிவிட்டது. ஒரு துண்டு தடியாக விழுகிறது, அடுத்த துண்டு தாள் மாதிரி விழுகிறது. சாணை பிடிக்கிறவனிடம் மூன்று தடவை கொண்டு போனேன். கத்தியில் ஒரு குறையும் இல்லை என்று சாதித்தான். கண்ணைப் பிடரியில் வைத்திருப்பவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமைச் சமையல்காரன் அப்படி ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். தொப்பி மட்டும்தான் பெரிசு. நாளைக் காலை என் பக்கத்திலேயே நின்று பார்க்கப் போகிறானாம். நாளைக்கும் கோணினால் நான் மேஜையை விட்டுவிட்டு ஸ்டோரில் மூட்டைக்குக் காவல் உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது கத்தி ஐந்து அங்குலம். அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை போயிருந்தது. மூன்று ஆணி. அந்த மட்டில் ஒழுங்கு. அலகும் பிடியும் சேரும் இடத்தை ஆள்காட்டி விரலில் வைத்து நிறுத்திப் பார்த்தேன். நல்ல கத்தி என்றால் தராசு முள் போல நிற்கவேண்டும். இது ஆடியது. ஆடி, சாய்ந்து, கண்ணாடி மேஜைமேல் விழுந்தது.

பிடியின் மரம் ஈரம் வாங்கியிருக்கிறது என்றேன். கடைக்காரர் ஆமாம் சார் என்று கத்தியை எடுத்து வைத்தார். மறுத்துப் பேச விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே.

மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே வெட்கக்கேடு. ரப்பர் பிடி. அதில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். என் விரலை எங்கே வைப்பது என்று கத்தி எனக்குச் சொல்லித் தருகிறது! வீட்டு மாடியைத் தாண்டிப் போகாதவர்கள் காட்டுக்குப் போகிற நினைப்பில் வாங்குகிற சாமான் அது. அதுவும் விரலில் நிற்கவில்லை. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் ஆட்டம்.

இப்போதெல்லாம் ஒரு பயல் ஒழுங்காகக் கத்தி செய்வதில்லை.

மச்சினன் உள்ளே வந்தான். கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தான். அவர் பின்னறைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார்.

"மாமா, இத ஒரு தடவ புடிச்சுப் பாருங்களேன்."

வந்துவிட்டார் நிபுணர்.

பெட்டிக்குள் இருந்தது கத்தியா உலக்கையா என்று சந்தேகமாக இருந்தது. அலகு என்னவோ ஐந்தரை அங்குலம்தான். பிடி வெள்ளரிக்காய்த் தடிமன், கறுப்பு, நடுவில் தொப்பை. அழகு மருந்துக்கும் இல்லை. மற்ற மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் இந்தக் கனம் வராது. இதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் பாத்திரம் கழுவுகிறவர்கூடச் சிரிப்பார்.

கையில் எடுத்து, நறுக்கென்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தேன்.

கத்தி ஆடாமல் நின்றது.

கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். ஓரத்தில் வைத்து இழுத்தேன். நூல் பிடித்தாற்போல் நேராக இறங்கியது. பக்கத்தில் இன்னொரு கீற்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே அகலம்.

வரட்டும் அந்தத் தொப்பிக்காரன். மேஜை என்னுடையதுதான்.

"பாத்தியாடா? கோளாறு கத்தியிலதான்னு நான் அப்பவே சொல்லல?"

"ஆமா மாமா. கத்தியிலதான்."

இதை ஏன் முதலிலேயே எடுத்துக் காட்டவில்லை என்று கடைக்காரரை ஒரு வாங்கு வாங்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைப் பெட்டியில் வைத்தார். மூடியை மட்டும் மச்சினன் சட்டென்று எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யத் தெரிந்தால்தானே? மூடி அவன் கையிலிருந்து நழுவி என் காலடியில் வந்து விழுந்தது.

குனிந்து எடுத்தேன்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்காகத் தனியாகச் செய்தது என்று மூடியில் அச்சடித்திருந்தது. அதன் கீழே கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஆர்டர் கொடுத்தவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர். தேதி நாலு மாதத்துக்கு முந்தியது.

நாலு மாதமாகத்தான் வீட்டில் எனக்கு டீ பாதி டம்ளருக்கு மேல் வருவதில்லை. நானும் அவளைக் கஞ்சப்பிசினாறி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.