ஆட்டம் கண்ட பல்

"உங்க சமாதானம் எல்லாம் நக்கோ, வேண்டாம் டாக்டர்! வெச்சு ஒரு வருஷம்கூட ஆகலை, பல்லு ஆடுதே!"

வசந்தகுமாரியின் குரல் போலாரம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஐ.டி. கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, கிளினிக்கில் காத்திருந்த இரண்டு பேர் மெல்ல எழுந்து போனார்கள்.

அவள் கணவர் சிவஞானம், ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவர். டாக்டர் நூர் முகமதுதான் எலும்பில் ஸ்க்ரூ வைத்து இம்ப்ளான்ட் பல் கட்டியிருந்தார். இப்போது ஈறு வீங்கி, சீழ் பிடித்து, இரண்டும் ஆட்டம் கண்டுவிட்டன.

டாக்டர் ஈறைப் பார்த்தார். சிவஞானத்தின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க."

திரும்பக் கூப்பிட்டபோது டாக்டர் தலை குனிந்து நின்றார். "தப்பு என்னோடதுதாம்மா. இதை எடுத்துட்டு, எலும்பு ஆறினதும் புதுசா வெச்சுத் தரேன்."

"அப்படி வாங்க வழிக்கு! கத்தினாத்தான் ஒத்துக்குவீங்களா?"

அதோடு விட்டாளா? 'அந்த டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க' என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்தாள்.

பத்து மாதம் ஓடியது. புதுப் பல் கல் மாதிரி நின்றது. கடைசி செக்கப் முடிந்து, பஸ் ஸ்டாப்பில் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார் சிவஞானம்.

"பார்த்தீங்களா? நான் போட்ட சத்தத்துலதான் இந்தத் தடவை ஒழுங்கா வெச்சிருக்கார்."

சிவஞானம் கடிப்பதை நிறுத்தினார்.

"வசந்தா, அவர் மேல தப்பே இல்லை."

"என்னது?"

"சிகரெட்டை விட்டுட்டேன்னு பாப்பா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணேனே... விடலை. கம்பெனிக்குப் பின்னால தினம் எட்டு, பத்து. அதுதான் ஸ்க்ரூவை எலும்போட சேர விடலை. ஈறைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டார்."

பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது.

"அப்புறம் ஏன் அந்த மனுஷன் நான் பேசின பேச்சையெல்லாம் வாங்கிக்கிட்டார்?"

"வீட்டுல தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க டாக்டர்னு அழுதுட்டேன். 'பழியை நான் ஏத்துக்கறேன், சிகரெட்டை நீங்க விட்டுடுங்க'ன்னார். அன்னிக்கு விட்டதுதான் வசந்தா."