மூன்று மில்லிமீட்டர்

“இதைப் பொம்மைன்னு சொன்ன ஒருத்தரை அப்பவே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன், தம்பி” என்றார் பெண்ணின் அப்பா.

அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியில்தான் இருந்தது. விழுங்கிவிட்டான்.

மேஜை மேல் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டியது இல்லை. சொந்தமாக வரைந்து, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பட்டி பூசி, உப்புத்தாளில் தேய்த்துச் செய்தது. நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு என்றார்.

அவள் முன்பே எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தாள். இருவருக்கும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸ். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டு ஒரு வாரமாகப் பதில் இல்லை. நேற்றுத்தான் வாய் திறந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டும். மேஜை மேல் ஒரு கார் இருக்கும். என்ன ஆனாலும் அதைக் குறை சொல்லிவிடக் கூடாது.

இன்று அவள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். அப்பா சொன்னார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். ஆமாம் போடுவது அவனுக்குப் பழகிய வேலை. அவள் எந்த ஹோட்டல் என்றாலும் அவனுக்கும் அதே ஹோட்டல்தான். படம் சுமார் என்றால் சுமார். பிரமாதம் என்றால் பிரமாதம்.

கார் எப்படி என்று கேட்டார். அருமை என்றான். நிறம்? கண்ணைப் பறிக்கிறது. இன்ஜின் முன்னால்தான் இருக்க வேண்டும், இல்லையா? ஆமாம் சார், அதிலென்ன சந்தேகம்.

விஷயம் சுலபமாக முடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

அவர் காரைப் பின்பக்க இறக்கையைப் பிடித்துத் தூக்கினார். அது ஒடிந்துவிடுமோ என்று அவன் அடியில் கையை நீட்டினான். தண்ணீர் டம்ளரைச் சுற்றிக் காரை ஓட்டிக் காட்டினார். இப்படி ஒரு வளைவில் நூற்றைம்பதில் போகும் என்றார்.

“போகாது சார். உருளும்.”

வாய் முந்திக்கொண்டது. விபத்தில் சிக்கிய கார்களைப் போய்ப் பார்த்து நஷ்டத்தைக் கணக்குப் போடுவது அவன் வேலை. இவ்வளவு உயரக் கூரை, இப்படி உள்ளடங்கிய சக்கரங்கள். வளைவு தாண்டி இந்த மாதிரிக் கார் எப்படிக் கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அவர் காரைக் கீழே வைத்தார். ஏன் உருளும் என்று கேட்டார். சொன்னான். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். கூரை உயரமே இல்லையாம். ஜன்னலின் கீழ்க்கோடு தாழ்ந்திருக்கிறதாம், அதனால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதாம். அவன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து காட்டினான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்ஜின் விஷயத்தில் சொன்னதும் பொய் என்று ஒப்புக்கொண்டான். ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருந்தால்தான் திரும்புவதற்கு நல்லது.

பால் மறுபடியும் அவரைக் கூப்பிட்டது. இந்தத் தடவை இன்னும் சூடாக வந்தார். முதுகுக்குப் பின்னால் இன்ஜினை வைத்தால் பின்னால் வரும் வண்டி எப்படித் தெரியும்? ஊருக்குப் போனால் பெட்டியை மடியிலா வைத்துக்கொள்வது?

“மூக்கு நீளமா இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் தவளை மாதிரி இருக்கும், தம்பி.”

“தவளை உருளாது சார்.”

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. அவளிடம் என்னவென்று சொல்வது?

எழுந்துகொண்டான். “தப்பா எடுத்துக்காதீங்க சார். இவ்ளோ சுத்தமா யாரும் தேய்ச்சு நான் பார்த்ததில்ல. கதவு இடுக்கெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஆனா கூரையில மூணு மில்லிமீட்டர் வெட்டித்தான் ஆகணும். நிஜக் கார்ல அது ஏழு சென்டிமீட்டர். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாது. உங்க பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“உக்காருங்க” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நான் மருந்துக்கடை வச்சிருக்கிறவன். தலைவலிக்கு எது, இருமலுக்கு எதுன்னு கேளுங்க, சொல்றேன். இதுல இன்ஜின் எந்தப் பக்கம்னே எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். நான் சம்மதம் சொல்லி ஒரு வாரமாச்சு, தம்பி. காரைச் செஞ்சவதான் இன்னும் சொல்லல. எதைச் சொன்னாலும் ஆமாம் போடுற மனுஷனோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு உள்ள உக்காந்திருக்கா.”

உள்ளறைக் கதவு திறந்தது. கையில் உப்புத்தாளோடு அவள் நின்றாள். அவனைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“ரெண்டு மில்லிமீட்டர் வேணா குறைக்கறேன். மூணுன்னா உங்க தலை இடிக்கும்.”