எனக்காக வேண்டிக்கோங்க

"உன் புருஷன் உன்னை நல்லா ஏமாத்தறார்டி!"

வெளியூரிலிருந்து வந்த அக்கா, பையைக் கீழே வைக்கும் முன்பே வெடித்தாள். துணைக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், 'நான் அப்புறம் வரேன்' என்று நழுவிவிட்டாள்.

தங்கை கட்டிலில் படுத்தபடி முகத்தை மட்டும் திருப்பினாள். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவளுக்குப் படுக்கைதான் எல்லாம்.

"என்னக்கா ஆச்சு?"

"வாரா வாரம் உனக்காக வேண்டிக்கப் போறேன்னு கிளம்பறாரே, பிரார்த்தனைக் கூடத்துக்கு? அவரோட சேர்ந்து நானும் வேண்டிக்கலாம்னு, பஸ்ஸை விட்டு இறங்கி நேரா அங்கதான் போனேன். ஆளைக் காணோம். 'அப்படி ஒருத்தர் இங்க வந்ததே இல்லையே'ங்கறாங்க. மானமே போச்சு! வர்ற வழியில மைதானத்துல வாலிபால் ஆட்டம். ஓரமா நின்னு இந்த மனுஷன் காட்டுக் கத்தல் கத்திக்கிட்டு இருக்கார். கைதட்டறதென்ன, சிரிக்கறதென்ன!"

"சிரிச்சாராக்கா?"

"வாய் காது வரைக்கும்! நீ இங்க புரண்டு படுக்க முடியாம கிடக்கே, அவருக்கு அங்க ஆட்டம் கேக்குதா? சாமி பக்கமே தலைவச்சுப் படுக்காத ஆளு. சரி, நம்ப வேண்டாம். பெண்டாட்டிக்காக ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டா குறைஞ்சா போயிடுவார்? எனக்கு வயிறு எரியுதுடி. வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

கதவு திறந்தது. வியர்த்த முகத்தோடு அவர் உள்ளே வந்தார்.

"வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" தொண்டை கட்டியிருந்தது.

"இப்பதான். பிரார்த்தனை எப்படி?" அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நல்ல கூட்டம்," என்றார் கூசாமல். பிறகு மனைவியிடம் குனிந்தார். "உனக்காக நல்லா வேண்டிக்கிட்டேன்மா. இவ்வளவு நேரம் ஒரே பக்கமா படுத்திருக்கியே, வலிக்கலை?" அவளை அலுங்காமல் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

அக்கா வாயைத் திறந்தாள். தங்கை முந்திக்கொண்டாள்.

"ஏங்க, அக்காவுக்கு டீ போடுங்களேன்."

அவர் அடுப்படிக்குப் போனதும் அக்கா பொரிந்து தள்ளினாள். "என் வாயை ஏண்டி அடைக்கறே? என்னமா புளுகறார் பார்!"

"மெதுவாக்கா. எனக்கு முதல் வாரமே தெரியும். பிரார்த்தனைக்குப் போனவருக்குத் தொண்டையா கட்டும்?"

"தெரிஞ்சுமா அனுப்பறே? அப்ப உன் வேண்டுதல்?"

"நானே வேண்டிக்கறதை விட்டாச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எதுக்குடி இந்த நாடகம்?"

"வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே கிடக்கறார்க்கா. கொஞ்சம் காலாற வெளியில போய்ட்டு வாங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! 'உன்னை இப்படி விட்டுட்டு எனக்கென்ன ஊர் சுத்தல்'னு நகரவே மாட்டார். எனக்காக வேண்டிக்கோங்கன்னு சொன்னப்புறம்தான் சட்டையை மாட்டினார். திரும்பி வரும்போது அந்த முகத்துல கொஞ்சம் உயிர் இருக்கும். அதைப் பார்க்கத்தான் நான் வாரம் பூரா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

டம்ளர் சத்தம் அருகே வந்தது. தங்கை அவசரமாகக் கிசுகிசுத்தாள்.

"மைதானத்துல பார்த்ததைச் சொல்லிடாதேக்கா. வெட்கப்பட்டுக்கிட்டு, அடுத்த வாரம் நிஜமாவே பிரார்த்தனைக்குப் போயிடுவார்!"