பதில் போடாத பெண்

"இப்படியும் ஒரு சுயநலமா? ரெண்டு மூணு இடத்துல கிடைச்சா ஒண்ணை எடுத்துகினு மீதியை வுட வேண்டியதுதானே?"

காலையிலிருந்து ஸ்வர்ணலதா இதை ஏழாவது முறையாகச் சொன்னாள். எட்டாவது முறைக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

ஓவியத்தில் மேல்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தாள். சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. வடக்கே இருக்கிற பெரிய கல்லூரியில் வெயிட்டிங் லிஸ்ட், அதிலும் முதல் பெயர். அங்கே நேர்காணலுக்குப் போனபோது, மூன்று மாடி உயரச் சுவரில் மாணவர்கள் தீட்டியிருந்த ஓவியத்தை அண்ணாந்து பார்த்தாள். அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

இடம் கிடைத்தவர்களில் ஒருவர் 'நான் வரவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த இடம் இவளுக்கு. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி மட்டும் இன்னும் பதில் போடவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டார்கள்.

"அதான் சென்னை இருக்குதே," என்றாள் அம்மா பரிமளா, தறிக்கு வேண்டிய தார்க்குச்சியில் நூல் சுற்றியபடி. "இன்னிக்குள்ள சேர்றேன்னு சொல்லணும்னியே?"

"இன்னும் ஒரு வாரம் டைம் கேட்டு எழுதி, வாங்கிட்டேம்மா. அது கைகாவலுக்கு இருக்கட்டும். சென்னையை வுட்டு, வடக்கயும் வரலைன்னா ஒரு வருஷமே போச்சு."

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட. அவ்வளவு உருக்கமாக எழுதிய கடிதம் அது.

கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறி இவர்களுடையது, நெய்கிறவர் எதிர்வீட்டு ஜெயவேல். இவர்களுக்கு நெய்வதற்கான பாவு நூல் வர இருபது நாளாகும் என்று தெரிந்ததும், அப்பா பரசுராமன் தானே போய், "தறி சும்மாதான் கிடக்குது, உங்க பாவை ஏத்திக்குங்க" என்று அழைத்து வந்திருந்தார். வீட்டுக்கு வீடு தறி இருக்கிற அவர்கள் ஊர் சேவூரில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

இன்று ஸ்வர்ணலதாவுக்கு அந்தச் சத்தம்கூட எரிச்சலாக இருந்தது.

பதில் போடாத பெண் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பெரணமல்லூர் இவாஞ்சலின்தான். வேறு யாராக இருக்க முடியும்?

சென்னை நேர்காணலில் எல்லாரும் படங்களைப் பரப்பி வைத்திருந்த ஹாலில்தான் அவளைப் பார்த்தாள். இவாஞ்சலின் ஒரு துணி மூட்டையோடு வந்திருந்தாள். உள்ளே தேய்ந்துபோன ஜக்கார்டு அட்டைகள். சேலையில் டிசைன் விழுவதற்காகத் தறிக்கு மேலே ஓடுமே, ஓட்டை போட்ட அட்டைகள், அவைதான். ஐம்பது அறுபதைக் கோத்து, அதன்மேல் தறியில் குனிந்திருக்கும் தன் அம்மாவின் முகத்தைக் கரியால் வரைந்திருந்தாள்.

பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஸ்வர்ணலதா நினைத்துக்கொண்டாள். அப்போது இவாஞ்சலின் அதைத் தூக்கி ஜன்னலில் மாட்டினாள். ஓட்டைகள் வழியே வெயில் வந்தது. அந்த அம்மாவின் நெற்றி முழுக்க வியர்வை மின்னியது.

தேர்வாளர்கள் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த அட்டைகளுக்குக் கீழேயே வளர்ந்தவள் ஸ்வர்ணலதா. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் முறை வந்தபோது ஃபைலைத் திறக்கவே மறந்து நின்றாள்.

அந்தக் கைக்கு எந்தக் கல்லூரி இடம் கொடுக்காமல் இருக்கும்? எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, எதில் சேரலாம் என்று காலாட்டிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு வாங்கிய நம்பர் போனில் இருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களா? உங்க படத்தைப் பத்தி நேத்துகூட அம்மாகிட்ட சொல்லிகினு இருந்தேன்."

"அது இருக்கட்டும். நீ வடக்க இருக்கிற காலேஜுக்குப் போறியா, இல்லியா?"

"நான் எங்கக்கா போறது? அங்க எனக்கு வரல. எழுத்துத் தேர்வு முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சில்ல, அதுல மார்க் போயிடுச்சு."

ஸ்வர்ணலதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அப்ப சென்னை?"

"சென்னையில வெயிட்டிங்க்கா. நான்தான் முதல் பேரு. ஆபீசுக்குப் போன் போட்டேன். இடம் கிடைச்ச ஒருத்தங்க, இன்னும் ஒரு வாரம் டைம் வேணும்னு எழுதியிருக்காங்களாம். அவங்க பதில் போட்டாத்தான் எதுவும் சொல்ல முடியும்னாங்க."

கூடத்தில் ஜெயவேலின் தறியில் நாடா நூலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது மட்டும் கேட்டது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அவங்க மேல உனக்குக் கோபமே வரலியா?"

"கோபம் எதுக்குக்கா? பின்னாடி ஒருத்தி காத்துகினு இருக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க தெருவுல தறி சும்மா கிடந்தாலே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துடுவாங்க. தெரிஞ்சா, இடத்தையா புடிச்சி வச்சிக்கப் போறாங்க?"

அந்த ஹாலில் வந்த அதே சிலிர்ப்பு ஸ்வர்ணலதாவுக்கு மறுபடி வந்தது. இந்த முறை ஜன்னலும் இல்லை, வெயிலும் இல்லை.

போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பைத் திறந்தாள். சென்னைக் கல்லூரியின் மெயில் மேலேயே கிடந்தது. வடக்கே இடம் வருமா வராதா, யார் கண்டது. 'நான் வரவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

"அக்கா?"

"அவங்களுக்கு இப்பத் தெரிஞ்சிடுச்சும்மா," என்றாள் ஸ்வர்ணலதா.